அமெரிக்காவில் பிரம்மநாயகம் போட்ட கட்டை

எங்கள் மேலச்செவ்வூரில் தேர் நிலைக்கு வந்து சேர்கிற வரைக்கும் எந்த வீட்டிலும் உலை வைக்க மாட்டார்கள். ஊர்க்கட்டு அப்படி. ஆகையால் ஐம்பத்தாறாம் வருஷம் ஆனித் தேரோட்டத்தில் தெற்கு ரத வீதிச் சரிவில் தேர் நின்றுபோனபோது ஊர் முழுக்க வயிறும் காய்ந்து போயிற்று. பதினொரு மணிக்குத் தீபாராதனைக்காக நிறுத்திய தேர், மணி இரண்டாகியும் அசையவில்லை. ஐந்நூறு பேர் வடம் பிடித்தோம். பின்னால் நெம்புத்தடி போட்டு நெம்பினார்கள். நாதஸ்வரக்காரர் வாசித்து வாசித்து உதடு வீங்கிப்போய் ஒரு ஓரமாக உட்கார்ந்துவிட்டார்.

தர்மகர்த்தா கோமதிநாயகம் நேரே கட்டை பிரம்மநாயகத்திடம் வந்தார். கட்டை என்பது ஆளின் உயரத்தைச் சொல்வதில்லை. அவர் ஆறடி. தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டு நிறுத்துவதும் தெருமுக்கில் திருப்புவதும் அவர் வேலை.

"ஓய், விளக்கு வைக்கதுக்குள்ள தேரு நிலைக்கு வரணும். வரலேன்னா அடுத்த வருஷம் நீரு கட்டையத் தொடக்கூடாது. சங்கரன்கோயில்லேருந்து ஆள் கொண்டாந்துருவேன்" என்று சொல்லிவிட்டு, பக்கத்து ஊர்க் கோயில் யானையைக் கூட்டி வரப் போனார்.

பிரம்மநாயகத்துக்கு முகம் விழுந்துவிட்டது. வருஷத்தில் முந்நூற்று அறுபத்து நாலு நாள் அவரை யாரும் ஒரு பொருட்டாக மதிக்கிறதில்லை. தேரன்று மட்டும் அவர் கையைத் தூக்கினால் ஊர் நிற்கும், இறக்கினால் ஊர் நடக்கும். அந்த ஒரு நாளும் போய்விட்டால் மனுஷனுக்கு என்னதான் மிச்சம்? எனக்கே பாவமாக இருந்தது.

ஆனால் முகம்தான் விழுந்ததே தவிர வாய் விழவில்லை. இசக்கியம்மாளின் மோர்ப்பந்தலுக்கு வந்து, கட்டையைத் தரையில் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்தார். மோருக்கு மட்டும் ஊர்க்கட்டில் விலக்கு உண்டு. ஒரு செம்பு குடித்துவிட்டு மீசையைத் துடைத்தார்.

"சங்கரன்கோயிலாம், ஆளாம். அமெரிக்காவுல ஒரு காலேஜையே விழவிடாம நிப்பாட்டுன கைய்யா இது."

டிரில் வாத்தியார் ஆவுடையப்பன் துண்டை உதறினார். "ஆரம்பிச்சாச்சு. போன வருஷம் சிங்கப்பூரு. இந்த வருஷம் அமெரிக்காவா?"

"போன வருஷம் தேரு ஓடுச்சு, சின்னக் கதை போதும். இந்த வருஷம் நிக்குல்லா?"

பந்தலில் நாங்கள் இருபது முப்பது பேர் இருந்தோம். பசி நேரம். எழுந்து போக யாருக்கும் தெம்பில்லை. அது அவருக்குத் தெரியும்.

"கேளும். தொள்ளாயிரத்துப் பதினொண்ணு. எனக்கு இருவத்திரண்டு வயசு. தூத்துக்குடியில கப்பல் அடுப்படி வேலைக்கு ஏறுனேன். மாத்துத் துணிகூட எடுக்கல. பெரியவனையும் சின்னவனையும் மட்டும் சாக்குல கட்டி எடுத்துக்கிட்டேன்."

பெரியவன், சின்னவன் என்பது அவருடைய இரண்டு வாகைக் கட்டைகளின் பெயர். சொந்தப் பிள்ளைகளைக்கூட அவர் அவ்வளவு வாஞ்சையாகக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

"நடுக்கடல்ல ஒரு அலை வந்தது பாரும், பனை உயரம். கேப்டன் தொப்பியக் கழட்டிக் கும்புட்டுட்டான். நான் குனிஞ்சு பெரியவன அலைக்கு அடியில கொடுத்தேன். அலை அப்படியே நின்னுட்டு. கப்பல் அதுக்குக் கீழ நுழைஞ்சு அந்தப் பக்கம் போயிட்டு."

"பெறகு அலை என்ன ஆச்சு?" என்றேன் நான்.

"இன்னும் அங்கனதான் நிக்கி."

"கட்டை உம்ம கையில இருக்கு. அலை எப்படிவே நிக்கும்?" என்றார் வாத்தியார்.

"கட்டைய உருவிட்டேன். அது அலைக்கு இன்னும் தெரியாது. சும்மா இடையில பேசாதேயும்."

இசக்கியம்மாள் சிரித்ததில் மோர்ப்பானை தளும்பியது.

"இறங்கி நடந்தேன். கார்ன்பரின்னு ஒரு ஊரு. எங்க பாத்தாலும் மக்காச்சோளம். ஊருக்கு நடுவுல ஒரு காலேஜுக் கட்டடம். நான் போகையில அது சாஞ்சுக்கிட்டிருந்தது. பழைய கட்டடம்லா! ஓடிப்போயி சின்னவன மூலைக்குக் கொடுத்தேன். நின்னுட்டு. உள்ளேருந்து பிரின்சிபால் டிம்பிள்டன் துரை ஓடியாந்து என்னையக் கட்டிப்பிடிச்சு அழுதாரு. 'தம்பி, கட்டடத்த நிப்பாட்டிட்ட, காலேஜ யாரு நிப்பாட்டுவா?'ன்னாரு."

"எந்தப் பாஷையில அழுதாரு?" என்று வாத்தியார் கேட்டார்.

"அழுகைக்கு என்னவே பாஷை? விசயத்தக் கேளும். அந்தக் காலேஜுல மொத்தமே பத்துப் பிள்ளைய. அதை நடத்துற கமிட்டிக்காரங்க ஒரு தீர்மானம் போட்டுட்டாங்க. இந்த சீசன்ல ஒம்போது ஃபுட்பால் மேட்சு. அதுல ஒண்ணுலயாவது ஜெயிக்கணும். இல்லேன்னா காலேஜ இழுத்துப் பூட்டிக் கட்டடத்த ஊறுகாக் கம்பெனிக்குக் கொடுத்துருவாங்க. கம்பெனிக்காரன் அப்பவே ஜாடிகளக் கொண்டாந்து வராந்தாவுல அடுக்கிட்டான். கிளாசுக்குள்ள பிள்ளைய பாடம் படிக்கு, வெளிய வெள்ளரிக்கா நறுக்குதான். ஆட்டத்துக்குப் பதினொரு ஆளு வேணும். பிள்ளைய பத்து. நான் சேந்தாத்தான் கணக்குச் சரியாவும்."

ஆவுடையப்பனுக்கு இங்கேதான் பிடி கிடைத்தது. "ஓய், ஃபுட்பால்னா காலால உதைக்கது. பத்தொம்பது வருஷமா சொல்லிக் குடுக்கேன். உமக்குப் பந்த எந்தக் கால்ல உதைக்கணும்னு தெரியுமா?"

"உம்ம ஃபுட்பால் வேற, அது வேற. அமெரிக்காவுல பந்து உருண்டையா இருக்காது. ரெண்டு பக்கமும் கூம்பி, உரிச்ச தேங்கா மாதிரி இருக்கும். அதைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஓடணும். எதிராளி பதினொரு பேரும் மேல விழுந்து அமுக்குவான். அத்தனை பேரையும் தாண்டிப் போயி, மைதானத்துக் கடைசிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் பந்தத் தரையில வச்சா அவன் ஜெயிச்சான்."

"அப்ப உதைக்கதே கிடையாதா?"

"உதைப்பான். பந்த இல்ல."

"நம்ம குழாயடி மாதிரின்னு சொல்லும்" என்றாள் இசக்கியம்மாள்.

"அதேதான். ஆனா குழாயடியில பொம்பளைய. அங்க தோல் தொப்பி போட்ட தடியனுவ. மொத மேட்சுல எதிராளி பதினொரு பேரும் கையோட கை கோத்து, முன்னால ஒருத்தன் பின்னால பத்துப் பேருன்னு கூம்பா வந்தானுவ. பூமி கிடுகிடுங்குது. எங்க பிள்ளைய பத்தும் எனக்குப் பின்னால ஒளிஞ்சுட்டு. நான் பாத்தேன். இது என்னடா, நம்ம தேருதானே வருதுன்னு தோணிச்சு. பெரியவன எடுத்து, முன்னால வந்தவன் கால் பெருவிரலுக்கு முன்ன வச்சேன். அவன் நின்னான். பின்னால வந்தவன் அவன் மேல ஏறுனான். அதுக்குப் பின்னால வந்தவன் அதுக்கு மேல. பதினொண்ணும் கோபுரமாட்டம் ஏறி நிக்கி. ஆட்டத்தைப் பாக்க வந்த அவனுவ ஊர்க்காரங்களும் ஓட்டத்துல ஏறிட்டாங்க. விசிலு ஊதுற அம்பயரு உச்சியில! ஏணி வச்சு இறக்க மூணு நாளு ஆச்சு. அம்பயரு மட்டும் இறங்க மாட்டேன்னுட்டாரு. அங்கேருந்து பாத்தா அவரு வீடு தெரியுதாம்."

"அப்ப நீங்க ஜெயிச்சிட்டீங்க."

"எப்படி ஜெயிக்க? பந்து அவனுவ கையில. அதுவும் உச்சியில. ஆட்டம் செல்லாதுன்னு எழுதிட்டான்."

"ரெண்டாவது?"

"ரெண்டாவது மேட்சு மழையில. எதிராளி என்னையத் தள்ளுதான். நான் காலுக்குக் கட்டை கொடுத்து நிக்கேன். அவனும் விடல, நானும் விடல. கடைசியில மைதானம் நழுவிட்டு. எங்க ரெண்டு கூட்டத்தையும் தூக்கிக்கிட்டு அடுத்த தாலுகாவுல போயி நின்னுது. வெளியூர்ல ஆடுன ஆட்டம் செல்லாதுன்னு அதையும் தள்ளிட்டான். மைதானம் போன இடத்துல ஒருத்தன் மாட்டுத் தொழுவம் இருந்தது. அந்த மாட்டுக்காரன் இன்னைக்கும் கோல் கம்பத்துலதான் பசுவக் கட்டுதானாம்."

மூன்றிலிருந்து எட்டு வரைக்கும் தோல்விதான். அதை அவர் ஒளிக்கவில்லை. தோல்வியைச் சொல்வதிலும் பெருமைதான். எட்டாவது மேட்சில் எதிராளி எடுத்த புள்ளிகளைப் பலகையில் எழுத இடம் போதாமல் பக்கத்து வீட்டுச் சுவரில் எழுதினார்களாம். பிறகு கதவில், பிறகு கதவைத் திறந்து பார்க்க வந்த கிழவரின் வேட்டியில். அமெரிக்காவில் வேட்டி ஏது என்று கேட்டதற்கு, தான் உடுத்திப்போன வேட்டியைக் கொடுத்ததுதான் என்றார்.

வாத்தியார் விடவில்லை. "எட்டு ஆட்டத்துலயும் நீரு இருந்தீரு. எட்டும் போச்சு. பெறகு என்னத்துக்குவே இந்தப் பீத்தல்?"

பிரம்மநாயகத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நிப்பாட்டுறது என் வேலை. ஓட்டுறது என் வேலையா? என் பக்கம் வந்த ஒருத்தனையாவது தாண்ட விட்டேனா, கேளும். ஆனா எங்க பிள்ளைய கையில பந்து வந்தா ஓடத் தெரியல. புஸ்தகம் படிச்ச பிள்ளைய. பந்தக் கையில வச்சுக்கிட்டு மரியாதையா நிக்கும். எதிராளி கேட்டாக் குடுத்துரும்."

சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் தேரைப் பார்த்தார். தேர் நின்றுகொண்டிருந்தது. மேலே குருக்கள் தூணில் சாய்ந்து தூங்கிவிட்டிருந்தார். பிரம்மநாயகம் வேகமாகத் திரும்பிக்கொண்டு குரலை உயர்த்தினார்.

"ஒம்போதாவது மேட்சு, எங்க காலேஜுப் புது மைதானத்துல. கடைசி. கிரானிட்டன் காலேஜோட. அங்க நானூறு பிள்ளைய. கேப்டன் பேரு ஓட்டோ. அவன் மைதானத்துக்குள்ள வந்து நின்னான்னா நிழல் விழுந்து, சாயங்காலம் ஆயிட்டுன்னு கோழியெல்லாம் அடையப் போயிரும். டிம்பிள்டன் துரை எங்கிட்ட வந்தாரு. 'பிரம்மநாயகம், பூட்டுச் சாவிய இன்னைக்கே கேட்டுட்டான் ஊறுகாக்காரன்'னாரு. அவரு கண்ணு கலங்குனதப் பாத்ததும் எனக்குச் சோறு இறங்கல. அப்பதான் யோசிச்சேன். ஓடத் தெரியலேன்னா என்ன, இழுக்கத் தெரியும்லா? ஊர்ல துணி காயப்போடுற கொடிக்கயிறு அத்தனையும் வாங்கி வடம் முறுக்குனேன். வில்பர்னு ஒரு நோஞ்சான். அவன் கையில பந்தக் கொடுத்து, ஒரு சாப்பாட்டு மேசையக் கவுத்து அதுக்கு மேல உக்கார வச்சேன். மக்காச்சோளத்துல தோரணம், மக்காச்சோளத்துல மாலை. துரையோட குடைய விரிச்சுப் பின்னால பிடிக்கச் சொன்னேன். நாலு பேரு மேசையத் தோள்ல தூக்குதான். மீதி ஆளு வடம்."

"எதிராளி சும்மாவா இருந்தான்?"

"இருப்பானா? ஓட்டோ பூதமாட்டம் ஓடியாந்தான். கிட்ட வந்தான். வடத்தப் பாத்தான். வாத்தியாரே, நீரு சொல்லும். வடம் கண்ணு முன்னால போகையில யாருக்காவது கை சும்மா இருக்குமா? ஓட்டோ ஒரு கை போட்டான். அவனப் பாத்து மீதிப் பத்துப் பேரும் போட்டான். கிரானிட்டன் காலேஜு நானூறு பிள்ளையளும் வேலியத் தாண்டி வந்துட்டு. புது அம்பயரு விசில வாயிலேருந்து எடுத்து மடியில கட்டிக்கிட்டு அவரும் பிடிச்சுட்டாரு. ஹோன்னு ஒரு சத்தம். வில்பர் அசைஞ்சான்யா!"

இதைச் சொன்னபோது அவர் எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கிவிட்டார். பந்தலில் பாதிப் பேர் எங்களையறியாமல் எழுந்துவிட்டோம். வாத்தியார் மட்டும் உட்கார்ந்திருந்தார். ஆனால் அவர் கால் ஆடிக்கொண்டிருந்தது.

"கடைசிக் கோட்டத் தாண்டிட்டோம்" என்றார் பிரம்மநாயகம்.

"ஜெயிச்சாச்சு!" என்று நான் கத்தினேன்.

"எங்க ஜெயிக்க? கோட்டத் தாண்டினாப் போதுமா? பந்தக் கொண்டு தரையில வைக்கணும்னு மொதல்லயே சொன்னேன்லா. துரை கத்துதாரு, 'வை, வை, தரையில வை'ங்காரு. நான் கைய விரிச்சுட்டேன். புறப்பட்ட சாமிய நடுத்தெருவுல எவனாவது தரையில இறக்குவானா? நாலு வீதியும் சுத்தி நிலைக்கு வந்துதான் இறக்கணும்."

"அட முட்டாப்பயலே" என்று வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார். அதுவரை ஒரு வார்த்தையும் நம்பாத மனுஷனுக்கு அப்படி ஒரு ஆத்திரம். "கையில வந்த ஆட்டத்தக் கெடுத்துட்டீரேவே!"

"தேருக்குன்னு ஒரு முறை இருக்குவே. மைதானத்துக் கேட்டத் தாண்டி வெளிய வந்தோம். வீதி எங்கேன்னு பாத்தா அந்த ஊர்ல ஒத்தைத் தெருதான். நாலு வீதிக்கு என்ன செய்ய? நாட்டுக்கே நாலு பக்கம் இருக்குல்லா, அதைச் சுத்திருவோம்னுட்டேன். கெழக்கு வீதி கடலோரமா. தெக்கு வீதி பூராவும் மணல். மேல வீதியில இன்னொரு கடல். வடக்கு வீதியில ஒரே பனி. முக்குக்கு முக்கு ஓட்டோவோட இடது குதிகாலுக்குச் சின்னவனக் கொடுப்பேன், மொத்தக் கூட்டமும் அழகாத் திரும்பும். நடுவுல ஒரு மலை குறுக்க வந்தது. தேரு வாரது தெரிஞ்சா மாட்டு வண்டி ஒதுங்குதுல்லா? மலையும் ஒதுங்கிக்கிட்டு. ஊர் ஊருக்கு வாசத் தெளிச்சு வச்சிருந்தாங்க. கோழியப் பொரிச்சுக் கொண்டாந்தான் ஒருத்தன், பூசணிக்கா கொண்டாந்தான் ஒருத்தன். ஒரு ஊர்ல ஒண்ணும் இல்லேன்னு மேயரையே கொண்டாந்து நிப்பாட்டுனான். அவரும் வடம் பிடிச்சாரு."

"எத்தனை நாளு?"

"ஏழு மாசம். விசிலு மடியில இருக்கு, ஊதல. ஆட்டம் முடியல. ஆட்டம் முடியாம சீசன் முடியுமா? அந்த வருஷம் அமெரிக்காவுல கிறிஸ்மஸ் மார்கழியில வரல. வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு, நாங்க வந்து சேந்த பெறகு வைகாசியிலதான் வந்தது."

மூச்சு வாங்கிக்கொண்டு இன்னொரு செம்பு மோருக்குக் கையை நீட்டினார். இசக்கியம்மாள் கொடுக்காமல் வைத்துக்கொண்டாள். "காலேஜு என்ன ஆச்சு, அதைச் சொல்லும் மொதல்ல."

"சொல்லுதேன். புறப்பட்ட இடத்துக்கே கொண்டாந்து வில்பர இறக்கி, எங்க பக்கத்துக் கோட்டுக்குப் பின்னால பந்தத் தரையில வச்சேன். தேரு நிலைக்கு வந்துட்டு. எனக்கு மனசு நெறஞ்சு போச்சு. அம்பயரு விசில எடுத்து ஊதுனாரு. பொஸ்தகத்தப் பெரட்டுனாரு. 'சொந்தக் கோட்டுக்குப் பின்னால பந்த வச்சா எதிராளிக்கு ரெண்டு புள்ளி. கிரானிட்டன் ஜெயிச்சது'ன்னாரு. டிம்பிள்டன் துரை அப்படியே உக்காந்துட்டாரு. ஊறுகாக்காரன் சாவிக்குக் கைய நீட்டுனான்."

சொன்னால் வெட்கம், நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"அப்ப ஓட்டோ கேட்டான், 'எங்க காலேஜ் எங்க?'ன்னு. ஏழு மாசமா நானூறு பிள்ளையளும் எங்க வடத்துல கிடந்தா அங்க காலேஜு எப்படி இருக்கும்? ஆளில்லேன்னு பூட்டி, ஊறுகாக் கம்பெனியோட அண்ணங்காரன் அதை வாங்கிட்டான். அம்பயரு ரெண்டு புள்ளியக் கையில வச்சுக்கிட்டுச் சுத்திச் சுத்திப் பாக்காரு, வாங்க ஆளில்ல. மறுபடியும் பொஸ்தகத்தப் பெரட்டுனாரு. கேப்பாரத்த புள்ளி மைதானத்துக்காரனுக்குன்னு இருந்தது. ரெண்டுக்குச் சைபர்! நாங்க ஜெயிச்சோம். அந்த நானூறு பிள்ளையளும் எங்க காலேஜுலயே சேந்துட்டு. ஜாடியெல்லாம் தூக்கிக்கிட்டு ஓடுனான் ஊறுகாக்காரன்."

நாங்கள் கையைத் தட்டிவிட்டோம். வாத்தியார் சுதாரித்துக்கொண்டு, "சாட்சி?" என்றார்.

"ஓட்டோவுக்கு எழுதிக் கேளும்."

"விலாசம்?"

"ஓட்டோ, அமெரிக்கான்னு போடும். அவன் உடம்பு இருக்க தண்டிக்கு வேற எவன்கிட்டக் கொண்டு குடுப்பான் தபால்காரன்?"

அதற்குள் யானை வந்துவிட்டது. நாங்கள் ஓடிப்போய் வடத்தைப் பிடித்தோம். யானை பின்னாலிருந்து தலையைக் கொடுத்து முட்டியது. தேர் முனகியது, ஆனால் ஒரு அங்குலம் நகரவில்லை. யானை இரண்டாம் தடவை முட்டிவிட்டுப் பாகனைத் திரும்பிப் பார்த்தது. மூன்றாம் தடவை, பாகன் என்ன சொல்லியும் கேட்காமல் உட்கார்ந்துவிட்டது. கோமதிநாயகம் வேர்க்க விறுவிறுக்கப் பந்தலுக்கு வந்தார்.

"முடிஞ்சுதுவே. சங்கரன்கோயிலுக்கு ஆள் அனுப்பப் போறேன்."

பிரம்மநாயகம் மறுபடியும் கட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார். அமெரிக்காவையே சுற்றி வந்த மனுஷன் தெற்கு ரத வீதியில் ஒடுங்கிப்போயிருந்தார். இசக்கியம்மாள் செம்பைக் கழுவிக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு தாயி. அமெரிக்காவப் பத்தித்தானே?"

"அமெரிக்கா கெடக்கட்டும். காலையில ரெண்டு கட்டைக்கும் நாந்தான் சந்தனம் வச்சுக் கொடுத்தேன். பெரியவன் மேல உக்காந்திருக்கீரு. சின்னவன எங்க?"

பிரம்மநாயகம் தான் உட்கார்ந்திருந்த கட்டையைக் குனிந்து பார்த்தார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். பிறகு தேரைப் பார்த்தார்.

ஆவுடையப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தேருக்கு அடியில் தவழ்ந்து போனார். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத உள்சக்கரம் ஒன்று இடது பக்கம் பின்னால் உண்டு. சரிவில் தேர் உருண்டுவிடக் கூடாதென்று தீபாராதனை நேரத்தில் அதற்கு முன்னால் போட்ட கட்டை. போட்டது போட்டபடி இருந்தது.

"இங்கன இருக்குவே, சந்தனம்கூட அழியல!" என்று அடியிலிருந்து சத்தம் வந்தது.

ஐந்நூறு பேரும் திரும்பிப் பிரம்மநாயகத்தைப் பார்த்தோம். ஐந்நூறும் காலையிலிருந்து சாப்பிடாத வயிறு. யானையும் பார்த்தது. அந்த இடத்தில் நானாக இருந்தால் தூத்துக்குடிக்கே ஓடியிருப்பேன். அவர் நிதானமாக எழுந்தார். மேல்துண்டை உதறித் தோளில் போட்டார்.

"பாத்தீரா வாத்தியாரே! ஐந்நூறு ஆளு, ஒரு யானை. அசைஞ்சுதா? சின்னவன்கிட்டயே இந்தக் கதின்னா, நான் பெரியவனப் போட்டு அந்தப் பதினொரு தடியனுவள நிப்பாட்டுனேன்னா அதுல என்ன அதிசயம்? இப்பவாவது நம்புதீரா?"

ஆவுடையப்பன் தேருக்கு அடியிலிருந்து தலையை நீட்டினார். சக்கரத்தை விட்டு ஒதுங்கிக்கொண்டு கையை மட்டும் உள்ளே நீட்டினார். கட்டையை உருவினார். யாரும் இழுக்காமலே தேர் ஒரு முழம் நகர்ந்தது, ஊர் முழுக்க ஹோவென்று கத்தியது.

கோமதிநாயகம் வடத்தைப் பிடிக்கப் போனவர் ஒரு நிமிஷம் நின்று திரும்பினார்.

"அடுத்த வருஷமும் கட்டைய நீரே போடும்வே. எடுக்கதுக்குத்தான் சங்கரன்கோயில்லேருந்து ஆள் வரும்."